தொறு மீட்கும் விளையாட்டு: ஓய்வு நேரத்தில் கூடி ஓர் ஆன்லைன் ஆர்.பி.ஜி. எழுதும் முறை

வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவில் ஞாயிறுதோறும் காலை 7 மணிக்குக் கூடும் ஐந்து பேரில் நானும் ஒருவன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மற்றவர்களில் ஒருவர் குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியர், ஒருவர் சத்துவாச்சாரியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணன், ஒருவர் காட்பாடியில் பொறியியல் படிக்கும் தம்பி, இன்னொருவர் ஆற்காட்டில் பேனர் வரைந்து கொடுக்கும் ஓவியர். ஓவியரைத் தவிர நால்வருக்கும் நிரல் எழுதத் தெரியும். ஆனால் எங்களில் எவரும் விளையாட்டு நிறுவனத்தின் வாசற்படியை மிதித்ததில்லை. ஓய்வு நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் 40 பேர் ஆடக்கூடிய ஓர் ஆன்லைன் ஆர்.பி.ஜி. விளையாட்டை, அதாவது ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை, இரண்டரை ஆண்டில் ஓடவைத்திருக்கிறோம். அதே ஆசையோடு நண்பர்களைத் திரட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முழு வேலைக்கும் அடிப்படையாக நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். முதல் மாதம் முடிவதற்குள் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருந்தபடி ஒரே வரைபடத்தில் ஒருவரையொருவர் பார்த்து நடக்க வேண்டும். அதன் பிறகு எதைச் சேர்த்தாலும் அந்த நடை நின்றுபோகாமல் சேர்க்க வேண்டும். வாள், மந்திரம், கதை, கடை எல்லாம் அதற்குப் பின்னால்தான். தனித்தனியாக ஆறு மாதம் எழுதிவிட்டு ஒரு நாள் ஒட்டவைக்கலாம் என்று தொடங்கும் குழுக்கள், அந்த ஒட்டும் நாளில்தான் உடைகின்றன. எங்கள் முதல் முயற்சியும் இந்த விதி இல்லாததால்தான் உடைந்தது.

குழு சேரும்போது செய்ய வேண்டியவை

ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ஒவ்வொருவரும் உறுதியாகத் தரக்கூடிய நேரத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு ஆளுக்கு 6 மணி நேரம் என்று மொத்தம் 30 வந்தது. தேர்வு, திருமணம், ஆண்டிறுதிக் கணக்கு, மின்தடை எல்லாம் போக உண்மையில் கிடைத்தது அதில் பாதிதான். ஆகவே எழுதிய எண்ணைப் பாதியாக்கி அதைக் கொண்டே திட்டமிடுங்கள். வாரத்துக்கு 15 மணி நேரம் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 750 மணி நேரம், அதாவது முழு நேர ஊழியர் ஒருவரின் நான்கு மாத உழைப்புக்குச் சற்று மேல். அந்த உழைப்பில் எது முடியுமோ அதுவே உங்கள் விளையாட்டின் அளவு.

வேலைப் பிரிவினைக்கு எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா எனக்கு நல்ல முன்மாதிரியாகத் தெரிகிறது. வடஆர்க்காட்டுக் கூத்தில் இன்னாருக்கு இன்ன வேடம் என்று வரையறை இருக்கும். ஆனால் கட்டியக்காரன் ஒருவன் மட்டும் எல்லாக் காட்சிக்குள்ளும் புகுந்து வந்து, வேடக்காரர்களை அறிமுகப்படுத்தி, கேள்வி கேட்டு, இடைவெளியை நிரப்பி, ஆட்டத்தைத் தொய்யாமல் கொண்டுபோவான். விளையாட்டுக் குழுவிலும் ஒருவர் எல்லார் கணினியையும் இணைக்கும் சர்வர், ஒருவர் ஆடுபவர் கணினியில் ஓடும் கிளையன்ட், ஒருவர் வரைபடமும் கதையும், ஒருவர் ஓவியம் என்று எடுத்துக்கொண்ட பிறகு, எல்லார் வேலையையும் தினமும் ஒன்றாக ஓட்டிப் பார்த்து, எங்கே ஒட்டவில்லை என்று சொல்லும் கட்டியக்காரர் ஒருவர் கட்டாயம் தேவை. எங்களில் அது கடைக்கார அண்ணன். அவர் எழுதிய நிரல் வரிகள் மற்றவர்களுடையதைவிடக் குறைவு, ஆனால் அவர் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு இல்லை.

எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும், நண்பர்களாகவே நீடிப்பதற்குத்தான். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சம்பளத்துக்கு எழுதாத நிரலும் ஓவியமும் அவற்றை ஆக்கியவருக்கே உரியவை. அந்த உரிமையை மற்றொருவருக்கு எழுதித் தருவதானால் கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓவியர் பாதியில் விலகித் தன் ஓவியங்களைத் திரும்பக் கேட்டால் விளையாட்டு வெறும் கட்டமாக நிற்கும். இதற்கு எளிய வழி, நிரலை, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் போன்ற திறந்த உரிமத்திலும், ஓவியத்தையும் கதையையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் முதல் நாளிலேயே வெளியிடுவது. திறந்த உரிமத்தில் ஒருமுறை தந்ததை, அதன் நிபந்தனைகளை மீறாதவரிடமிருந்து திரும்பப் பெற இயலாது என்பதால், விலகுபவருக்கும் இருப்பவருக்கும் சண்டைக்கு இடமில்லை. நாங்கள் ஒரே பக்கத்தில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்டோம்.

உலகம் எவ்வளவு பெரியது?

எங்கள் முதல் ஆசை வேலூர்க் கோட்டை முழுவதையும் வரைவது. கோட்டை ஏறத்தாழ 133 ஏக்கர். வரைபடத்தின் சதுரக் கட்டமான ஒரு டைலுக்குப் பக்கம் 2 மீட்டர் என்று வைத்தாலும் ஒன்றேகால் லட்சம் டைல்களுக்கு மேல் தேவைப்படும். அகழியும் கோயிலும் மசூதியும் தேவாலயமும் அதற்குள் இருக்கின்றன. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியையும் கதையில் வைக்க வேண்டும் என்றார் தம்பி. ஐந்து பேர் எட்டு மாதம் அதில் போராடினோம். எட்டாம் மாத முடிவில் எங்களிடம் அழகான மதில் ஒன்றும், அதன் மேல் தனியாக நடக்கும் ஒரு சிப்பாயும் இருந்தார்கள். ஆன்லைன் என்ற சொல்லுக்குரிய ஒரு வரி நிரல்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. அங்கேதான் முதல் முயற்சி உடைந்தது.

இரண்டாவது முறை தொடங்கியபோது ஆசிரியர் சொன்ன யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. 1989-இல் பிரிவதற்கு முன் இருந்த பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பேர்பெற்றது. மாட்டு மந்தையைக் கவர வந்தவரோடு போரிட்டு, அதை மீட்டு இறந்த வீரனுக்கு எடுத்த கற்கள் அவற்றில் பல. மந்தையைத் தொறு என்றே கல்வெட்டுகள் சொல்கின்றன. பழைய புறப்பொருள் இலக்கணமும் கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் பூவின் பெயரால் வகுத்திருக்கிறது. ஆர்.பி.ஜி. விளையாட்டுக்கு இதைவிடத் தெளிவான இரு அணிகள் எங்கே கிடைக்கும்? ஒரு பக்கம் வெட்சிப் பூ சூடியவர்கள், மறுபக்கம் கரந்தைப் பூ சூடியவர்கள், நடுவில் 12 மாடுகள். எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலத்து நடுகல், கள்வரைக் கடித்துத் தன் தலைவனருகே நின்று காத்த கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. எங்கள் விளையாட்டில் ஒவ்வொரு வீரனோடும் ஒரு நாய் வருவதற்குக் காரணம் அந்தக் கல்தான். கோட்டையைக் கைவிட வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் அதோடு தீர்ந்தது, ஏனென்றால் மகேந்திரவர்மனுக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கோட்டையே எழுந்தது.

ஆக மொத்தம் இரண்டு வரைபடங்கள்: பாலாற்றங்கரை ஒன்று, ஊர் ஒன்று. ஒவ்வொன்றும் 100-க்கு 100 டைல். இதற்கு மேல் இரண்டு ஆண்டுக்கு எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். நீங்களும் உங்கள் ஊர்க் கதையில் இப்படி ஒரே ஒரு செயலைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பலர் கூடி ஆட வேண்டிய செயலாகவும், கால் மணி நேரத்தில் முடியக்கூடியதாகவும், தோற்றவர் மறுபடி ஆட விரும்பக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும்.

படமே இல்லாமல் தொடங்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பலர் சேர்ந்து ஆடும் கணினி உலகங்களுக்கு மூதாதையான மட் என்ற விளையாட்டை, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா 1978-இல் எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். அது முழுக்க முழுக்க எழுத்தாலான உலகம். எங்கள் முதல் மாதப் படைப்பும் கறுப்புத் திரையில் எழுத்து மட்டுமே: "நீ ஆற்றங்கரையில் நிற்கிறாய். கிழக்கே 3 மாடுகள் மேய்கின்றன." தம்பி காட்பாடியில் இருந்து "கிழக்கு" என்று தட்டியபோது, ராணிப்பேட்டையில் என் திரையில் "கரந்தை வீரன் ஒருவன் வந்தான்" என்று வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கருவிகள்

இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். விளையாட்டு உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ எஞ்சின் இலவசம், அதன் மூல நிரல் திறந்தது, சாதாரண மடிக்கணினியில் ஓடும். இரு பரிமாண விளையாட்டுக்கு அது தாராளமாகப் போதும். சர்வரைக் குழுவில் அதிகம் பேருக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். எங்களுக்கு அது பைத்தான். தரவுத்தளத்துக்குத் தொடக்கத்தில் எஸ்க்யூலைட், ஆட்கள் பெருகும்போது போஸ்ட்கிரெஸ். வரைபடத்துக்கு டைல்ட், ஓவியத்துக்குக் கிரிட்டா, ஒலிக்கு ஆடாசிட்டி. நிரலைச் சேர்த்து வைக்கக் கிட்.

கிட் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நிரல் கோப்பை இருவர் திருத்தினால் கிட் பெரும்பாலும் தானே இணைத்துவிடும். வரைபடக் கோப்பை இருவர் திருத்தினால் பெரும்பாலும் சரியாக இணைக்க முடியாது. ஒருவருடைய உழைப்பு வீணாகும். அதனால் எந்த வரைபடம் இந்த வாரம் யார் கையில் என்பதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டே திறக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான முதன்மைக் கிளையில் இருப்பது எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் விடாப்பிடியாகக் காப்பாற்றுங்கள். ஓடாத நிரலை அங்கே சேர்த்தவர், வேறு வேலையைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

சர்வர் சொல்வதே உண்மை

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். தனியாள் விளையாட்டில் எது நடந்தது என்பதை ஒரே கணினி அறியும். ஆன்லைன் விளையாட்டில் ஐந்து கணினிகள் ஐந்து விதமாகச் சொல்லும், எல்லாமே சற்றுப் பழைய செய்தியாகவும் இருக்கும். ஆகவே உலகத்தின் உண்மை நிலை சர்வரிடம் மட்டுமே இருக்க வேண்டும். கிளையன்ட் "நான் 40, 52-ஆம் டைலில் இருக்கிறேன்" என்று சொல்லக் கூடாது. "கிழக்குப் பொத்தானை அழுத்தினேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த டைலில் நடக்க முடியுமா, முந்தைய அடிக்குப் பின் போதிய நேரம் கடந்ததா என்று சர்வர் பார்த்து, நீ இப்போது இன்ன இடத்தில் இருக்கிறாய் என்று பதில் அனுப்ப வேண்டும். இதை நாங்கள் முதலில் அலட்சியம் செய்தோம். தம்பி தன் கிளையன்டில் இரண்டு வரியை மாற்றிவிட்டு, ஆற்றையும் பாறையையும் ஊடுருவி நேராகத் தொழுவத்துக்குள் போய் நின்று காட்டினார். நண்பர் செய்தால் அது சோதனை; வெளியாள் செய்தால் அன்றோடு விளையாட்டின் மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது.

சர்வர் ஒரு தாளக்கட்டில் இயங்கும். ஒவ்வொரு தாளத்துக்கும் வந்த கட்டளைகளை எல்லாம் எடுத்து, உலகத்தை ஓர் அடி நகர்த்தி, மாற்றங்களை எல்லாருக்கும் அனுப்பும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு இந்தத் தாளம் நொடிக்குப் பல பத்து முறை வேண்டும். ஆர்.பி.ஜி. விளையாட்டுக்கு அவ்வளவு அவசரமில்லை. 2001-இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் ரூன்ஸ்கேப்பின் தாளம் 0.6 நொடி. நாங்கள் நொடிக்கு 10 தாளம் வைத்தோம். அதையும் கணக்குப் பார்த்தே வைக்க வேண்டும். 40 பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற 39 பேரின் நிலை தெரிய வேண்டும். ஒரு தாளத்துக்கு 1,560 செய்தி, நொடிக்கு 15,600. ஒருவருக்குரிய 39 செய்திகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால் நொடிக்கு 400 பொட்டலம்தான். வரைபடத்தை 20-க்கு 20 டைல் கட்டங்களாகப் பிரித்து, தன் கட்டத்திலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் இருப்பவர்களைப் பற்றி மட்டும் அனுப்பினால் பொட்டலமும் சிறுத்துவிடும். இந்த இரண்டையும் செய்த பிறகு, மாத வாடகைக்கு எடுத்த மிகச் சிறிய சர்வரே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சர்வரை வீட்டில் வைக்க முயலாதீர்கள். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் ஒரு மடிக்கணினியை இரவும் பகலும் ஓட்டுவது அதற்கு நல்லதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பல இணைய இணைப்புகளில் உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது. நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கும். வீட்டு ரவுட்டரில் என்ன மாற்றினாலும் வெளியிலிருந்து நண்பர் உள்ளே வர முடியாது. இது தெரியாமல் நான் இரண்டு வாரம் வீணடித்தேன். வாடகை சர்வரை எடுக்கும்போது அது எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். சுமார் 1,000 கி.மீ. தொலைவிலுள்ள மும்பைக்குப் போய்வர இயற்கை விதிப்படி குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அது 130 மில்லிநொடியைத் தாண்டும். நடைமுறையில் இன்னும் கூடும். விலை சற்றுக் குறைவு என்று கடல் கடந்து எடுத்தால் ஒவ்வொரு அடியிலும் அதை உணர்வீர்கள்.

செய்தி அனுப்பும் வழியில் டிசிபி, யுடிபி என்று இரண்டு உண்டு. டிசிபி வரிசை தவறாமல் எல்லாவற்றையும் கொண்டுசேர்க்கும்; ஒன்று தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை காத்திருக்கும். யுடிபி காத்திருக்காது, தொலைந்தது தொலைந்ததே. டைல் டைலாக நடக்கும் விளையாட்டுக்கு டிசிபியின் மேல் ஓடும் வெப்சாக்கெட் போதும் என்பது என் கருத்து. பிழை கண்டுபிடிப்பது அதில் மிக எளிது.

12 மாடுகள் 19 ஆன கதை

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "பட்டியில மாடு பத்தொன்பது நிக்குதுங்க, நீங்களும் வந்து எண்ணிப் பாருங்க" என்றார். விளையாட்டில் 12 மாடுகளுக்கு மேல் எப்போதும் இருக்க முடியாது என்று எழுதியவன் நான். பதிவுக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தோம். அன்று மாலை அவர் காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு ரயிலில் போய்க்கொண்டே ஆடியிருக்கிறார். ஆற்றங்கரை வரைபடத்திலிருந்து ஊர் வரைபடத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு எல்லையைக் கடக்கும் நேரத்தில், லத்தேரி தாண்டியதும் சிக்னல் போயிருக்கிறது.

என் நிரல் எல்லையைக் கடக்கும் மாட்டை முதலில் ஊர்ப் பட்டியலில் சேர்த்தது. பிறகு ஆடுபவருக்குச் செய்தி அனுப்பி, வந்து சேர்ந்தேன் என்ற பதிலுக்குக் காத்திருந்தது. பதில் வந்த பின்பே ஆற்றங்கரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இணைப்பு நடுவில் அறுந்ததால் மூன்றாம் படி நடக்கவேயில்லை. மாடு ஊரிலும் இருந்தது, ஆற்றங்கரையிலும் இருந்தது. அவர் மறுபடி இணைந்து, அதே மாட்டை மறுபடி ஓட்டினார். ஏழு முறை சிக்னல் போயிற்று, ஏழு மாடு கூடிற்று.

பொருள் இரட்டிப்பாவது ஆன்லைன் விளையாட்டுகளின் தீராத நோய். ஒருமுறை பரவினால் உலகத்தில் எந்தப் பொருளுக்கும் மதிப்பு நிற்காது. மருந்து இரண்டு. முதலாவது, ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருப்பதற்கு வழியே இல்லாத வகையில் தரவை அமைப்பது. இப்போது எங்கள் தரவுத்தளத்தில் வரைபடத்துக்கு ஒரு மாட்டுப் பட்டியல் என்பதே கிடையாது. ஒரு மாட்டுக்கு ஒரே ஒரு வரி, அந்த வரியில் "எந்த வரைபடம்" என்று ஒரு கட்டம். எல்லையைக் கடப்பது என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு சொல் மாறுவதுதான். மாறினால் ஊரில் இருக்கும், மாறாவிட்டால் ஆற்றங்கரையில் இருக்கும், மூன்றாவது நிலை கிடையாது. இரண்டாவது, இரண்டு வரிகள் சேர்ந்து மாற வேண்டிய இடங்களுக்கு, உதாரணமாக ஒருவர் ஈட்டியைக் கொடுத்து மற்றவரிடம் கேடயம் வாங்கும்போது, தரவுத்தளத்தின் டிரான்சாக்‌ஷன் வசதியைப் பயன்படுத்துவது. இரு மாற்றமும் ஒன்றாக நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது. டிரான்சாக்‌ஷன் திறந்திருக்கும்போது வலைப்பின்னலில் எந்தப் பதிலுக்கும் காத்திருக்கக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தமிழில் ஒரு பெயர் வைக்க

ஆடுபவர்கள் தமிழிலேயே பெயர் வைத்து, தமிழிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். அதற்கு ஏற்றபடி தொடக்கத்திலேயே அமைக்க வேண்டும். கோடோவின் மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்துகள் சரியாக அமையாது. "கொ" என்று எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். 2023-இல் வந்த நான்காம் பதிப்பில் அந்தக் குறை தீர்ந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விளையாட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நீளம். பெயருக்கு 12 எழுத்து என்று வரம்பு வைத்தோம். "காட்பாடி" நமக்கு 4 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடு அதை 8 குறிகளாக எண்ணும். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். எந்த எண்ணிக்கையை வரம்பாக வைத்தீர்கள் என்று தெளிவில்லாவிட்டால், ஆங்கிலப் பெயருக்கு இடமிருந்து தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும், அதுவும் மெய்யைத் தனியாகவும் புள்ளியைத் தனியாகவும் பிரித்து வெட்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. "கொற்றவன்" என்ற பெயரில் உள்ள "கொ"வை இரண்டு வழியில் யூனிகோட்டில் எழுதலாம். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவர் மற்றொருவரின் பெயரில் பதிவுசெய்து, அவர் போலவே பேசி அணியை ஏமாற்ற முடியும். பெயரைச் சேமிக்கும் முன் ஒரே எழுத்தின் இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்னும் இயல்பாக்கத்தைச் செய்தால் இது தீரும். பைத்தானில் ஒரு வரி வேலை. ஆனால் "ஔ" என்ற எழுத்தை "ஒ"வும் "ள"வுமாகத் தட்டினால் இயல்பாக்கம் கண்டுகொள்ளாது. தமிழ் எண்களான ௧, ௭, ௮ ஆகியவை க, எ, அ போலவே தெரியும். ஆகவே பெயரில் தமிழ் எண்களை நாங்கள் தடுத்துவிட்டோம். "ஒள" என்று வந்தால் "ஔ" என்று மாற்றிய வடிவத்தையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம்.

ஓவியமும் ஒலியும்

இரண்டிலும் குழுவுக்குள் ஆள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் திறந்த உரிமப் படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு படத்தின் உரிமத்தையும், வரைந்தவர் பெயரையும் எடுத்த அன்றே ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். பின்னால் தேடிப் பிடிக்க முடியாது. எங்கள் ஓவியர் மாட்டை மட்டும் யாரிடமிருந்தும் எடுக்கச் சம்மதிக்கவில்லை. வெளிநாட்டுப் படங்களில் உள்ள மாட்டுக்குத் திமில் இல்லை என்றார். குடியாத்தம் பக்கத்தில் எருது விடும் விழாவுக்குப் போய் நின்று, 12 மாட்டுக்கும் கொம்பும் நிறமும் வேறுபட வரைந்துவந்தார்.

திறந்துவிடுவதற்கு முன்

ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் பொய் ஆட்களை விட்டுப் பாருங்கள். சும்மா இங்கும் அங்கும் நடந்து, மாட்டை ஓட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதி, அதை 50 பிரதியாக ஓட்டினால் சர்வரின் பலம் தெரிந்துவிடும். லினக்ஸில் உள்ள நெட்எம் என்ற கருவியால் வேண்டுமென்றே தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கலாம். லத்தேரி ரயிலை நாங்கள் இப்போது மேசையிலேயே உருவாக்கிக்கொள்கிறோம். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காதீர்கள்; ஆர்கான்2 போன்ற முறையில் திரும்பப் பெற முடியாத வடிவமாக்கிச் சேமியுங்கள். இரவுதோறும் தரவுத்தளத்தின் நகலை வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து விளையாட்டை மறுபடி எழுப்பிப் பாருங்கள், ஏனென்றால் திறக்கவராத நகலை நம்பித் தரவை இழந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு.

சட்டத்தில் இரண்டை அறிந்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கொண்டு, அவருடைய தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. நாங்கள் பெரியவர்களுக்கு மட்டும் கணக்குத் திறந்தோம். தொலைபேசி எண்ணோ முகவரியோ கேட்பதில்லை. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே மாட்டைப் பணையமாக வைத்துப் பந்தயம் என்ற யோசனை குழுவில் வந்தால், பணம் எந்த வடிவிலும் உள்ளே வராதபடி அங்கேயே நிறுத்துங்கள்.

முதல் இரண்டு வாரம் 20 பேருக்கு மேல் அழைக்காதீர்கள். எல்லா நேரமும் திறந்து வைத்தால் அந்த 20 பேரும் ஆளுக்கொரு வேளையில் வந்து, வெறும் ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் சனிக்கிழமை இரவு 8 முதல் 10 வரை மட்டும் திறந்தோம். வந்தவர் அனைவரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள், ஆட்டம் களைகட்டியது. அந்த இரண்டு மணி நேரமும் ஒருவர் சர்வர் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்ற நால்வரும் ஆட்களோடு கலந்து ஆடி, எங்கே தயங்குகிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்று தாளில் குறிக்க வேண்டும். முதல் இரவில் எங்கள் தாளில் 31 குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் 9 குறிப்புகள், நாயை எப்படிக் கூப்பிடுவது என்ற ஒரே கேள்வி. மறுநாள் காலை பூங்காவில் அதைத்தான் முதலில் எழுதினோம்.